திருப்பணிக் காலத்து வாடகை

கோயில் மண்டபம் ஒழுகினால் கூரையைப் பிரிக்கத்தான் வேண்டும். கோபுரத்துச் சுதை உதிர்ந்தால் சாரம் கட்டத்தான் வேண்டும். ஆனால் வாசலில் சாரம் எழுந்த அன்றே, அந்த வாசலை நம்பிக் கோயிலுக்கு வாடகை கொடுத்துக் கடை வைத்திருப்பவரின் வியாபாரம் படுத்துவிடுகிறது. அருச்சனைத் தட்டு வாங்குகிறவர்கள் பக்கவாசலால் போய்விடுகிறார்கள். மணலும் சீமெந்தும் குவிந்துகிடக்கும் முற்றத்தில் பனங்கட்டிக் குட்டானையும் ஒடியலையும் பரப்பிவைக்க முடியாது. மாதம் முடிந்தால் வாடகை மட்டும் வழமைபோல் கேட்கப்படுகிறது. அதைக் கொடுக்க அவர் கடமைப்பட்டவரா? கட்டடத்துக்கு உடையவர் சாதாரண மனிதர் என்றால் இது சட்டத்தோடு முடிகிற கேள்வி. உடையவர் தெய்வம் என்று கொடுப்பவரும் வாங்குபவரும் நம்பும்போது அது சமயக் கேள்வியாகிவிடுகிறது. வாடகையைக் குறைக்கக் கேட்பது அம்மனிடம் பேரம் பேசுவதாகுமா? இழப்பைப் பொறுத்துக்கொள்வது தொண்டாகுமா? கடைக்காரருக்குத் திருப்பணியால் வரும் நட்டத்தை அவருடைய காணிக்கையாகக் கணக்கிடுவது சைவநெறிக்கே ஒவ்வாதது என்பது என் துணிபு. இடத்தைக் கொடுக்காத காலத்துக்கு வாடகை இல்லை. வேலை தேவைக்காக அன்றி அழகுக்காகச் செய்யப்பட்டதென்றால் கோயில் அதற்கு மேலும் கடன்பட்டிருக்கிறது. இதை வெளியிலிருந்து கொண்டுவந்து கோயிலுக்குப் புகட்ட வேண்டியதில்லை, கோயிலின் கிரியையிலேயே இது இருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். நயினாதீவுக்கு வருகிறவர்கள் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து படகேற வேண்டும். நாகபூஷணி அம்மனுக்கு வருகிற சைவரும் நாகதீப விகாரைக்கு வருகிற சிங்கள யாத்திரிகரும் அதே படகில்தான் வருகிறார்கள். அம்மனின் பெருந்திருவிழா ஆனி மாதத்தில். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் சேர்ந்துகொண்டால் கடல் கடப்பவர் தொகை சுருங்கிவிடும். ஆகவே இங்கே ஒரு மாத வியாபாரம் ஆண்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு அல்ல. ஆனியை இழந்தவர் ஆண்டின் முதுகெலும்பையே இழக்கிறார். கும்பாபிஷேகத்துக்குப் பெரும்பாலும் உத்தராயண காலத்தில், தை முதல் ஆனி வரையான மாதங்களில்தான் நாள் பார்க்கிறார்கள். திருப்பணியின் கடைசி அவசரமும் யாத்திரிகர் வருகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு அதுவே காரணம். மணலும் கல்லும் கம்பியும் படகில் வந்து இறங்க வேண்டிய தீவில், ஒரு மாத வேலை மூன்று மாதமாக இழுபடுவதும் புதுமை அல்ல. இதில் எந்த ஒரு கோயிலின் மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. கோயில் நிலத்திலும் பிரதேச சபை நிலத்திலும் தனியார் நிலத்திலும் கடை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வரக்கூடிய நிலைமை இது. கோயில் விஷயத்தில் மட்டும்தான் அதைப் பற்றிப் பேச நாக்குக் கூசுகிறது.

முதலில் கிரியையைப் பார்ப்போம். மூலஸ்தானத்தில் வேலை தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வார்கள். அதற்கும் முன்பு அனுக்ஞை, அதாவது தெய்வத்திடம் அனுமதி கேட்பது. பிறகு மூலமூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, கோயிலின் வேறோர் இடத்தில் அமைத்த சிறு பாலாலயத்தில், அத்திப்பலகையில் எழுதிய உருவிலோ சிறு விம்பத்திலோ இருத்துவார்கள். மூலஸ்தானம் மூடிக்கிடக்கும் நாளெல்லாம் பாலாலயத்தில் நித்திய பூசை நடக்கிறது. விளக்கு எரிகிறது, நைவேத்தியம் படைக்கப்படுகிறது. திருப்பணி முடிந்ததும் அதே சக்தியை அதே மூலஸ்தானத்துக்குத் திருப்பி எழுந்தருளச் செய்து கும்பாபிஷேகமும், தொடர்ந்து மண்டலாபிஷேகமும் செய்கிறார்கள். இந்த ஒழுங்கைச் சடங்கென்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. குடியிருப்பவரிடம் முன்கூட்டியே கேட்கிறார்கள், மாற்றிடம் கொடுத்த பின்பே கை வைக்கிறார்கள், அவருடைய அன்றாடத்தை ஒரு நாளும் நிறுத்துவதில்லை, வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். கட்டடம் திருத்தப்படும்போது அதற்குள் இருப்பவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நிறைவான பட்டியலை எந்த நீதிமன்றமும் எழுதியதாக நான் அறியேன். தன் சொந்த வீட்டில் இருக்கும் தெய்வத்துக்கே அனுமதியும் மாற்றிடமும் வேண்டுமென்று விதித்த மரபு, வாடகை கொடுத்து இருப்பவருக்கு ஒன்றும் வேண்டாமென்று சொல்லியிருக்க முடியாது.

பாலஸ்தாபனம் தெய்வத்துக்குரியது, அதை வாடகைக்காரருக்கு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சக்தியை எழுந்தருளச் செய்வதற்கும் கடைத்தட்டைத் தூக்கி வைப்பதற்கும் ஒப்பில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் கிரியைகள் வெறும் அசைவுகள் அல்ல, அவற்றில் முறையும் முன்பின்னும் இருக்கின்றன. அந்த முறை ஏன் வந்தது என்று கேட்டால், பூசை என்பது நடந்துகொண்டே இருக்க வேண்டிய உறவு, இடத்தின் குறைபாட்டால் அது அறுபடக்கூடாது என்பதே பதில். இது நீதிமன்றம் வரை போன ஒரு விஷயமும்கூட. வங்காளத்தில் ஒரு குடும்பத்தின் குலதெய்வ மூர்த்தியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று எழுந்த வழக்கை 1925இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் விசாரித்தது. மூர்த்தி சட்டத்தின் முன் ஓர் ஆள், எங்கே இருப்பது என்பதில் அந்த மூர்த்தியின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும், அதை எடுத்துச்சொல்லப் பக்கச்சார்பற்ற ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்று அது முடிவு செய்தது. வாய் பேசாத மூர்த்தியின் சார்பில் பேச ஒருவரை வைக்க வேண்டுமென்று கருதிய நீதி, வாய் இருந்தும் பேசக் கூசுகிற கடைக்காரரை எப்படிப் பார்க்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு பழமொழி காவலாக நிற்கிறது: சிவன் சொத்துக் குலநாசம். கோயில் வாடகையில் ஒரு ரூபா குறைத்தாலும் அது சிவன் சொத்தைத் தின்றதாகிவிடும், பிள்ளை குட்டிக்கு ஆகாது என்ற பயம் இன்றும் தீவகத்தில் உண்மையாகவே இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். கோயில் நிலங்களை விழுங்கியவர்களிடம் அந்தப் பயம் இருந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். ஆனால் பழமொழி சிவன் சொத்தைப் பற்றிப் பேசுகிறது. எது சிவன் சொத்து என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வாடகை என்பது இடத்தைப் பயன்படுத்தியதற்கான ஈடு. இடத்தைப் பயன்படுத்த விடாத காலத்துக்கு அந்த ஈடு பிறக்கவே இல்லை. பிறக்காத ஒன்று சிவனுக்குச் சொந்தமாக முடியாது. அப்படியிருந்தும் அதை வாங்கி உண்டியலில் சேர்த்தால், கடைக்காரரின் பணம் தவறான வழியில் கோயிலுக்குள் வந்திருக்கிறது. பழமொழி அஞ்சச் சொல்வது கைமாறக்கூடாத பொருள் கைமாறுவதைப் பற்றி என்றால், இங்கே அஞ்ச வேண்டியவர்கள் தர்மகர்த்தா சபையினர். கோயில் ஏழை, வாடகை போனால் பூசைக்கு எண்ணெய் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே. கோயில் தன் கையிலிருந்து எதையும் கொடுக்கும்படி இங்கே கேட்கப்படவில்லை, தனக்கு வராத ஒன்றை எடுக்காமல் விடும்படிதான் கேட்கப்படுகிறது.

அடுத்த வாதம் கனிவானது, அதனாலேயே வலியது. கடைக்காரரும் அடியவர்தானே, அம்மன் வாசலில் பிழைத்தவர் அம்மன் கோபுரத்துக்காக ஆறு மாதம் பொறுத்துக்கொண்டால் அதுவும் திருப்பணிதானே என்பது. அவரே மனமுவந்து அப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய உபயம் இல்லை. ஆனால் அதை அவருக்காக மற்றவர்கள் சொல்ல முடியாது. பெரியபுராணத்து அடியார்கள் கொடுத்த கொடைகள் நம்மை நடுங்கவைக்கும். அவர்கள் எல்லாரும் தம்முடையதைத் தாமே கொடுத்தார்கள். திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்றளியின் குடமுழுக்குக்கும் பூசலார் குறித்த நாளே நாளாயிருந்தபோது, இறைவன் மன்னனுக்குக் கனவில் தோன்றி, தான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், நாளை மாற்றிக்கொள் என்றான் என்பது வரலாறு. கோயிலின் மதிப்பு அதைக் கட்டியவர் தன்னிடமிருந்து எதை எடுத்தார் என்பதில் இருக்கிறது என்று சைவம் நம்புகிறது. பிறரிடமிருந்து எடுத்துக் கட்டியதைப் பற்றி அது இப்படிப் பேசியதில்லை. போரும் இடப்பெயர்வும் தீவுகளை வெறுமையாக்கிய பிறகு, இங்கே பல திருப்பணிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற பிள்ளைகளின் பணத்தால் நடக்கின்றன. அது போற்றத்தக்கது, அந்தப் பணத்துக்குப் பின்னால் இரவு வேலையும் ஊர் நினைவும் இருக்கின்றன. அவர்களுடைய பெயர்கள் உபயகாரர் கல்லில் வெட்டப்படுகின்றன. அதே திருப்பணிக்காக வாசலில் வருமானத்தை இழந்தவரும் ஒரு தொகையைக் கொடுத்திருக்கிறார், சில வேளை தன் வருமானத்தின் விகிதப்படி அவர்களைவிடக் கூடுதலாக. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவர் பெயர் கல்லிலும் இல்லை. கேட்காமல் எடுத்ததை உபயம் என்று எழுத எந்தச் சபையும் துணியாது. அப்படியானால் அதை வாடகை என்று எழுதுவதும் தகாது.

எல்லாமே அம்மனுடையதுதானே, கடை என்ன, நிலம் என்ன, நாம் என்ன என்று இன்னும் மேலே போகிறவர்கள் உண்டு. தத்துவமாக இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தத் தீவோடு சேர்த்துச் சொல்லப்படும் பழங்கதையே இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. ஒரு மணியாசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், படையெடுத்து நின்றார்கள். புத்தர் வந்து போரைத் தணித்தார் என்கிறது மகாவம்சம். மணிமேகலையின் மணிபல்லவத்திலும் இரு நாக அரசரின் பீடிகைச் சண்டை வருகிறது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர். மகாவம்சக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது முடிவுதான். அரசர்கள் ஆசனத்தைப் புத்தருக்கே கொடுத்துவிடுகிறார்கள், அவர் அதை அவர்களிடமே வழிபாட்டுக்கென்று திருப்பி ஒப்படைக்கிறார். எல்லாம் புனிதமானவருடையது என்று ஏற்ற பிறகும், ஆசனம் மனிதர் கைக்கே திரும்பி வருகிறது. எல்லாம் அம்மனுடையது என்பது உண்மையானால், கடைக்காரரின் சாப்பாட்டுக் கோப்பையும் அம்மனுடையதுதான், அதை வெறுமையாக்க அம்மன் பெயரைச் சொல்லக்கூடாது.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது சமயநெறியோடு முரண்படவில்லை, அதைத் துல்லியமாக்குகிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி நம் வழமைகளைத் தேசவழமையாகத் தொகுத்தார். தேசவழமை பேசாத இடங்களில் உரோமன்-டச்சுச் சட்டமே பேசுகிறது, அது இன்றும் இலங்கையின் பொதுச்சட்டம். அதன் வேர் உரோமர்களிடம் இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பேனஸ் வாரஸ் என்ற சட்ட அறிஞரின் முடிவொன்று, 533இல் யஸ்டீனியன் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. ஒருவர் ஓர் அடுக்குவீட்டை முப்பதுக்கு வாடகைக்கு எடுத்து, அறை அறையாக நாற்பதுக்கு மறுவாடகை விட்டார். வெடிப்புக் கண்டிருக்கிறதென்று சொல்லி உடையவர் கட்டடத்தை இடித்தார். இடிப்பது அவசியமாக இருந்தால், குடியிருக்க முடியாத காலத்துக்குரிய பங்கை அந்த முப்பதில் கழித்துக் கொடுத்தால் போதும். அவசியமில்லாமல், இன்னும் நன்றாகக் கட்டவேண்டும் என்ற ஆசையால் இடித்திருந்தால், வாடகைக்காரருக்கு வரவேண்டியிருந்த இலாபத்தையும் சேர்த்து ஈடு செய்ய வேண்டும் என்றார் அவர். சின்னச் சின்ன இடைஞ்சலுக்கெல்லாம் வாடகையில் கழிக்கக்கூடாது, கட்டடத்துக்கு ஏதாவது நேர்ந்து உடையவர் ஒரு பகுதியை உடைக்க வேண்டி வந்தால் சிறிது சிரமத்தை இருப்பவர் தாங்கத்தான் வேண்டும், ஆனால் அவர் முக்கியமாகப் புழங்கும் பகுதியையே எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு என்பதும் அவருடைய முடிவு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய உரோமாபுரி வாடகை வீட்டுப் பிரச்சினைக்குச் சொன்னது, ஊர்காவற்றுறைக் கடைவீதிக்கு அப்படியே பொருந்துகிறது.

தேவை, ஆசை என்ற அந்தப் பிரிப்பை நான் பிடித்துக்கொள்கிறேன். சைவ மரபும் அதை அறிந்தே வைத்திருக்கிறது: சிதைந்ததைப் புதுக்குவது சீரணோத்தாரணம், அது கடமை. இருபது அடிக் கோபுரம் உறுதியாக நிற்கும்போது அதை எடுத்துவிட்டு நூறடி எழுப்ப விரும்புவது அன்பின் மிகுதி. அன்பின் மிகுதியைக் குறைசொல்ல நான் வரவில்லை. நயினாதீவில் 1958இலும் 1986இலும் தாக்கப்பட்ட கோயிலின் கிழக்கு வாசலில் இன்று 108 அடி இராஜகோபுரம் கடலில் வருகிறவர்களுக்குத் தெரியும்படி நிற்பது, ஒரு சமூகம் தான் அழிந்துவிடவில்லை என்று சொல்லும் சொல். அப்படிப்பட்ட கோபுரம் தேவையா, ஆசையா என்று கேட்டால் என்னால் எளிதில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் விடையை வாடகையோடு இணைக்க வேண்டும் என்கிறேன். கூரை ஒழுகுகிறது, தூண் பிளந்திருக்கிறது என்றால் கடைக்காரர் சிரமத்தைத் தாங்கட்டும், மூடியிருந்த காலத்து வாடகை மட்டும் விடப்படட்டும். உயரமும் அழகும் பெருமையும் நோக்கமென்றால், திருப்பணி மதிப்பீட்டில் சுதைக்கும் வர்ணத்துக்கும் ஸ்தபதியாருக்கும் ஒதுக்குவதுபோல வாசற்கடைகளின் இழப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கப்படட்டும். அந்தத் தொகை திருப்பணிச் செலவின் ஒரு பகுதி, அதற்குத் தானம் என்று பெயர் வைக்கக்கூடாது. வெளிநாட்டு உபயகாரரிடம் அதையும் சேர்த்துக் கேட்டால் அவர்கள் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இதெல்லாம் நம் மண்ணுக்குப் பழக்கமில்லாத கணக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாகபூஷணி அம்மன் கோயிலிலேயே 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது கல். பிறகு இழப்பைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தால் சரிபாதி. கலம் உடைந்தவனிடம் பாதியை எடுப்பதை நான் கருணை என்று சொல்லவில்லை. ஆனால் சிங்கள மன்னன் ஒருவன், வணிகருக்கு விளங்கும் தமிழில், கலம் உடைவதற்கு முன்பே, யாருக்கு எவ்வளவு என்று வெட்டிவைத்தான். தனக்கு யானை குதிரையில் விருப்பம், அதனால் அதற்குச் சலுகை என்று காரணத்தையும் மறைக்காமல் எழுதினான். முழு அதிகாரமும் கையில் இருந்தவன், வணிகனின் நட்டத்தில் தன் பங்குக்குத் தானே எல்லை கட்டினான். இன்றைய கோயில் குத்தகைத்தாளில் முற்பணம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் தவறினால் வெளியேற்றலாம் என்பதெல்லாம் இருக்கும். திருப்பணி வந்தால் என்ன என்பதற்கும் ஒரு வரி இருக்க வேண்டாமா? அந்த ஆணையைத் தாங்கிய கல்லே கோயிலுக்குள் நிற்கும்போது அந்த வரியை எழுதத் தயங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோயில்களுக்கும் நியாயமான அச்சம் இருக்கிறது. ஒருமுறை இடம் கொடுத்தால் திரும்பி வாங்க முடியாது, மாற்றிடம் கொடுத்தால் இரண்டு இடத்தையும் பிடித்துக்கொள்வார்கள் என்பது அந்த அச்சம். இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரை வெளியேற்றுவதை இறுக்கமாக்கியபின் அந்த அச்சம் கூடியது. கோயிலுக்குள் கடைகள் நிலைத்துவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாட்டு மதுரையில் பார்த்தோம். 2018 பெப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகள் இருந்த இடத்தில் தீப்பிடித்து, பழைய கற்கூரை சரிந்தது. அதன் பின் கோயிலுக்குள் இருந்த கடைகளை அகற்ற உத்தரவு வந்தது, நீதிமன்றமும் கடைக்காரர் பக்கம் நிற்கவில்லை. நிற்காததில் தவறும் இல்லை. கல்மண்டபத்தை எரியக் கொடுத்து வியாபாரம் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அதே மதுரையில், கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தலைமுறையாகத் தையல் இயந்திரங்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. மண்டபத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டி வந்தபோது அவை மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. மாறியவர்கள் எல்லாரும் மனநிறைவோடு போனார்கள் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. கோயிலையும் கடைக்காரரையும் எதிரிகளாக நிறுத்தாமல் ஒரு திருப்பணி நடக்க முடியும் என்பதற்கு அவ்வளவு போதும். கோயிலின் அச்சத்துக்கும் அதிலேயே மருந்து இருக்கிறது. மாற்றிடம் எத்தனை மாதத்துக்கு, எப்போது திரும்புவது என்று இரு பக்கமும் கையொப்பமிட்டால், பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும், திரும்ப விடமாட்டார்கள் என்ற பயமும் ஒரே தாளில் தீர்ந்துவிடும். இலங்கையில் கோயிற் சொத்து அறநிதியாகக் கொள்ளப்படுகிறது, 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே தர்மகர்த்தாக்கள் சலுகையை வாய்மொழியாகக் கொடுப்பதைவிடக் கணக்கில் எழுதிக் கொடுப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. கடைக்காரரும் கோபத்தில் வாடகையைத் தானாக நிறுத்திவிடக்கூடாது. நிலுவை சேர்ந்தால் நியாயம் அவர் பக்கம் இருந்தும் வழக்கு மற்றப் பக்கம் போய்விடும். வேலை தொடங்கிய வாரமே, எத்தனை அடி மறைந்தது, எந்த வாசல் மூடப்பட்டது என்று எழுதிக் கொடுத்துப் பதிவு வாங்க வேண்டும்.

கடைசியாக, தாளே இல்லாதவர்கள். திருவிழாக் காலத்துக்கு மட்டும் வீதியில் நிலம் ஏலத்தில் எடுத்து, கச்சானும் விளையாட்டுப் பொருளும் வளையலும் விற்பவர்கள். அவர்களிடம் ஏலப் பற்றுச்சீட்டு ஒன்றுதான் இருக்கும். சட்டம் அவர்களை வாடகைக்காரர் என்று ஏற்குமா என்பதே வழக்குக்குரிய விஷயம். ஆனால் பதினைந்து நாள் திருவிழாவுக்கு முன்பணம் முழுவதையும் கட்டி, கடன்பட்டுச் சாமான் ஏற்றி, குறிகாட்டுவானில் படகுக்குச் சுமைகூலியும் கொடுத்து வந்து பார்த்தால், தன் பத்தடி நிலத்தில் கருங்கல் குவிந்திருக்கிறது என்றால், அவரைவிடப் பெரிய இழப்பாளர் அந்த வீதியில் இல்லை. நீண்டகாலக் கடைக்காரருக்கு அடுத்த ஆனி வரும், இவருக்கு அடுத்த ஆனியில் ஏலம் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. இவருக்குச் செய்ய வேண்டியது எளிது. மறைந்த நாள்களுக்கான பணத்தைத் திருவிழா முடியுமுன் திருப்பிக் கொடுப்பது, அல்லது அடுத்த ஆண்டு அதே நிலத்தை அதே தொகைக்கு ஏலமில்லாமல் கொடுப்பது. எது என்பதை அவரே தெரிவு செய்யட்டும். அந்த ஆண்டு திருப்பணி நடக்கிறது, இன்ன வீதியில் கல் இறங்கும் என்பதைப் பற்றுச்சீட்டில் அச்சிட்டு, ஏலம் கூறத் தொடங்குமுன் ஒலிபெருக்கியிலும் வாசித்துவிட வேண்டும்.